அழத் தெரிந்த ஆப்பிரிக்கச் சிறுவன்

அடுப்புக்கரியை நுணுக்கித் தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பினால் காதுமடல்வரை அரிக்கும், வியர்வையோடு உதட்டில் இறங்கும்போது தீய்ந்த அடை மாதிரிக் கசக்கும். ஐந்தாம் வகுப்பில் ஆப்பிரிக்கச் சிறுவனாக நடித்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். பிறவியிலேயே நான் நல்ல கறுப்பு. அப்படியும் ஞாயிறு மறைக்கல்வி நடத்திய ரோஸலி டீச்சர், "இவன் கறுப்பு பத்தாது, இன்னும் ரெண்டு இழுப்பு இழு" என்று தன் தங்கையிடம் சொன்னதை, எனக்குக் கிடைத்த அழகுச் சான்றிதழாக வெகுநாள் வைத்திருந்தேன்.

ஒரகடம் பக்கம் அப்போது கம்பெனிகள் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலத்தில் எங்கள் மாதாகோயில் பங்குச் சாமியாருக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு ஆப்பிரிக்கா, பக்கத்து மணிமங்கலம் மாதிரி ஒரே ஊர். அங்கே கால் முடியாத இளைஞர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, பழைய அட்டைப்பெட்டிகளைக் கஞ்சிப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, தங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு நாற்காலி செய்கிறார்களாம். கொஞ்சம் உதவினால் இன்னும் செய்வார்களாம். கூடவே ஒரு புகைப்படம்: அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சிறுமி கடைவாய்ப்பல் தெரியச் சிரிக்கிறாள்.

டீச்சர் முகம் சுளித்தார். "இன்னாது இது, ஈன்னு இளிச்சிக்கினு கீது? இத்தப் பாத்தா எவன் உண்டியல்ல போடுவான்?" படம் பாட்டுப் புத்தகத்துக்குள் மறைந்தது. பதிலுக்கு நாங்கள் நாடகம் போட்டு அழுது காட்டுவது என்று முடிவாயிற்று.

படத்தைப் பார்த்து மலர்ந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். என் வகுப்பு, போலியோவில் ஒரு கால் சூம்பிப்போய், அக்குளில் ஊன்றுகோல் வைத்துப் பள்ளிக்கு வருபவள். அந்தக் கோலை நாங்கள் "கட்டை" என்போம், அவளைக் "கட்டக்காலு" என்போம்.

"டீச்சர், நம்மகிட்டயும் அட்டை கீது, கஞ்சி கீது. இஸ்கூல்ல தரையில குந்த முடியல. எனக்கொண்ணு ஒட்டலாமே?"

"அது ஆப்பிரிக்காக்காரங்களுக்குடி."

"அப்ப நாடகத்துல நான் நடிக்கிறேன்."

"நீ வாணாம். உன்னப் பாத்தா ஜனங்களுக்குச் சங்கடமா பூடும்."

ஆள் வேண்டாம், ஆனால் கால் முடியாத சிறுவனாக நடிக்கும் எனக்கு அவள் கட்டை வேண்டியிருந்தது. டீச்சர் கேட்டனுப்ப, "சாமி காரியம்" என்று ஸ்டெல்லாவின் அம்மா கொடுத்துவிட்டாள். போய் வாங்கிவந்தவன் நான். நாடகம் அமோகம், நான் அழ, கோயிலே அழுதது. பக்கத்துப் பங்குக் கோயிலில் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த பங்கிலும் கூப்பிட்டார்கள், கட்டையும் எங்களோடு ஊர்சுற்றியது. இடைப்பட்ட வாரத்தில்தான் முழுப்பரீட்சை வந்தது. ஸ்டெல்லாவின் இடம் காலியாக இருந்ததைத் திரும்பிப் பார்த்தேன். கட்டை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது எனக்குத் தெரியும், வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி ஓடிப்போய் எடுத்துவந்திருக்கலாம், ஆனால் திருப்பிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை எதை ஊன்றிக்கொண்டு அழுவது என்ற கவலையில் தலையைக் குனிந்து எழுதினேன். நல்ல மதிப்பெண். ஸ்டெல்லாவை அதே வகுப்பில் நிறுத்தினார்கள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள் அவள் அம்மா. அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை.

அந்தக் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கம்பெனிக் கிடங்கு. ரோஸலி டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் ஊரில் ஒரு கல்யாணத்தில், பழைய பங்குக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, "நீ அழுதது இன்னும் கண்ணுலயே நிக்குதுப்பா" என்றார். பக்கத்தில் மூன்று சக்கர வண்டியில் ஸ்டெல்லா. கேட்கக் கூடாததைக் கேட்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

"நீ பாத்தியா ஸ்டெல்லா?"

"நான் எப்பிடிப்பா வர்றது? கட்டை உங்கிட்ட இல்ல இருந்துது."

கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருப்பேன். அவள் சிரித்தாள்.