கட்டிப்போட்ட பொத்தானும் கர்த்தருடைய சித்தமும்

காலை ஷிப்டு தொடங்குமுன் எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் வரிசையாக நின்று வலக்கையை முன்னே நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டும். பாதுகாப்பு விதிகளை மதிப்பேன், என்னையும் உடன் வேலை செய்பவரையும் காப்பேன் என்று தெலுங்கில். ஒருவர் மைக்கில் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்வோம். தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் பாதியை விழுங்கிவிடுவோம். ஒடிசாவில் இருந்து வந்தவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. என்ன சத்தியம் என்று தெரியாமலே தினமும் சத்தியம் செய்கிற ஊர் இது என்று ராணிப்பேட்டையில் இருக்கும் என் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்த வரிசையில் நிற்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுதத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

நான் கடல் தாண்டி வந்தவள் இல்லை. ராணிப்பேட்டையில் பஸ் ஏறினால் அன்றைக்கே தொழிற்சாலை இருக்கும் ஆந்திராவின் சத்தியவேடு வந்துவிடலாம். ஆனாலும் எல்லையைத் தாண்டியவுடன் போர்டில் எழுத்து மாறிவிடுகிறது, ரேஷன் கடை நமக்கில்லை, வாடகைக்கு வீடு கேட்டால் "அரவ ஆமே" என்று உள்ளே திரும்பிச் சொல்கிறார்கள். தமிழ்க்காரப் பொம்பளை என்று அர்த்தம். ஊருக்குப் போனால் அங்கே "ஆந்திராக்காரி வந்துட்டா" என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டும் என் பெயர் இல்லை. இந்த நிலையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. எங்களுக்கு அந்தக் கூட்டம் ஜெபராஜ் அண்ணன் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த தமிழ் ஜெபக்கூட்டம். அவர்தான் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேரை இந்தத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டவர். என்னையும் அவர்தான் சேர்த்தார். வாரத்தில் ஆறு நாள் பிரஸ் மெஷின் பகுதிக்கு அவர் சூப்பர்வைசர். ஏழாவது நாள் எங்களுக்குப் பிரசங்கி.

பிரஸ் மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தகட்டை அச்சின் மேல் வைத்தால், மேலே இருந்து பெரிய இரும்புக்கட்டி இறங்கி அதை ஒரே அடியில் வெட்டும். கை உள்ளே இருக்கும்போது அது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பக்கமும் இரண்டு பச்சைப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கட்டி இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் உள்ளே எந்தக் கையும் இருக்க முடியாது. எளிமையான ஏற்பாடு. செய்தவன் மனிதனை நன்றாகப் புரிந்துகொண்டவன். ஆனால் இப்படி ஓட்டினால் வேகம் வராது. அதனால் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இடப்பக்கப் பொத்தானை அழுத்தினபடியே கட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு கையால் தகடு போடலாம், ஒரு கையால் தட்டலாம். டார்கெட் போர்டில் எழுதினதைவிட அதிகமே வரும். ஆடிட் வருகிற நாளில் டியூபை அவிழ்த்து டிராயரில் போட்டுவிடுவார்கள். கட்டச் சொன்னது ஜெபராஜ் அண்ணன். கட்ட மாட்டேன் என்றவர்களை வேறு பகுதிக்குத் தூக்கியடித்ததும் அவர்தான். நான் எதிர் மேசையில் இருந்து வெட்டின பாகங்களைச் சோதிக்கிறவள். "ண்ணா, இது என்னிக்காவது ஒரு நாளு யாரு கையயாவது துன்னுடும்" என்று ஒருமுறை அவரிடம் நேராகவே சொன்னேன். "இன்னா சிஸ்டர், விசுவாசம் இல்லாத பேச்சு? ஆண்டவரு காப்பாத்துவாரு, நீ உன் வேலயப் பாரு" என்று சிரித்தார்.

தின்றுவிட்டது. காளஹஸ்திப் பக்கத்தில் இருந்து வந்த ஸ்ரவந்தி என்ற பெண்ணின் இடக்கை விரல்கள் இரண்டு. இருபதைத் தாண்டாத பெண். கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் எலுமிச்சை ஊறுகாயை எடுத்துக்கொண்டு, "அக்கா, மீ அரவ ஊறுகாயில காரமே லேது" என்று, உங்கள் தமிழ் ஊறுகாயில் காரமே இல்லை என்று, கேலி செய்கிறவள். தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டது என்று இடக்கையால் சரிசெய்தாள். வலக்கை பழக்கத்தில் பொத்தானைத் தட்டிவிட்டது.  மெஷினை நிறுத்தினது நான். ஆம்புலன்ஸ் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். பொத்தானில் டியூப் இல்லை. அதற்குள் யாரோ அவிழ்த்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. மேனேஜர் "பேட் லக்" என்றார். பஸ்ஸில் பக்கத்து ஊர்ப் பெண்கள் "தலராத்த" என்றார்கள், தலையெழுத்து என்று. ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஜெபராஜ் அண்ணன் கண்ணை மூடி, குரல் தழுதழுக்க, "அந்தச் சகோதரிக்கு நேர்ந்ததும் தேவ சித்தம்தான், இதன் வழியா அவங்க குடும்பம் இரட்சிக்கப்படணும்" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். சைக்கிள் டியூப் செய்ததைத் தூக்கி ஆண்டவர் தலையில் வைக்கிறோமே, அவர் என்ன நம் வீட்டு வேலைக்காரரா, நாம் உடைத்த பாத்திரத்துக்கெல்லாம் பெயர் சுமக்க?

இது ஆந்திராவின் வியாதி என்று ஊரில் இருக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் தோல் பதனிடும் ஷெட்டின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, விஷக்காற்றில் செத்துப்போனார். மூக்குக்கு ஒரு துணிகூடக் கொடுக்காமல் இறக்கியிருந்தார்கள். இறக்கின முதலாளி பெரிய மலர்வளையம் அனுப்பினார். எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் அதைச் சவப்பெட்டியின் மேலேயே வைத்தார்கள். கர்த்தர் குறித்த வேளை வந்துவிட்டது என்று போதகர் ஐயர் பிரசங்கம் செய்தார். என் அப்பா, நாங்கள் நைனா என்போம், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அதே ஷெட்டில் வேலை செய்கிறவர். அவர் உட்பட எல்லோரும் எழுந்து நின்று பாட்டுப் பாடினோம். நன்றாகவே பாடினோம். அடுத்த மாதம் அதே தொட்டிக்குள் வேறொருவர் இறங்கினார். அன்றைக்கு எங்கள் கோவிலில் கடவுளின் பெயர் நிறைய இருந்தது. அவர் சொன்னது எதுவும் இல்லை.

இந்த உலகம் உடைந்து கிடக்கிறது, அதற்குக் கடவுளின் வழிநடத்துதல் வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். சரிதான், நானும் நம்புகிறேன். ஆனால் வழிநடத்துதல் என்றால் அடிபட்ட பிறகு தடவிக்கொடுக்கிற ஆறுதல் என்று யார் சொன்னது? மோசேயின் சட்டத்தில் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, இல்லாவிட்டால் அங்கிருந்து ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின் மேல் என்கிறது. விழுந்தவன் தலையெழுத்து என்று ஆண்டவர் சொல்லவில்லை. என் சித்தம் என்றும் சொல்லவில்லை. சுவர் எங்கே என்று வீட்டுக்காரனைத்தான் கேட்கிறார். இத்தனை நுணுக்கமாக, மாடிச்சுவர் வரைக்கும் வந்து வழிகாட்டுகிற கடவுளை வைத்துக்கொண்டு, நாம் அவருடைய கட்டளைகளைத்தான் முதலில் டியூப் போட்டுக் கட்டுகிறோம். ஏனென்றால் அவை வேகத்தைக் குறைக்கின்றன. அறிவு இருந்தால் போதும், கடவுள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பொத்தான் எதற்கு என்று எங்கள் தொழிற்சாலையில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அறிவு இருந்தது. நம்மைவிடப் பெரியவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற பயம்தான் இல்லை.

ஸ்ரவந்தியைப் பார்க்கத் திருப்பதிக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில், மலையில் இருந்து இறங்கின ஒரு குடும்பம் ஆட்டோவுக்கு நின்றிருந்தது. குழந்தை முதல் கிழவர் வரை மொட்டை, சந்தனம். அவர்கள் சாமி வேறு, என் வேதம் வேறு. ஆனால் சொன்ன சொல்லை நிறைவேற்றிவிட்டு வந்த முகங்கள் அவை. எங்கள் மாடிக்கூட்டத்தில் அப்படி ஒரு முகத்தை நான் அந்த வாரம் பார்க்கவில்லை.

வார்டில் ஸ்ரவந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா என் சாத்துக்குடிப் பையைக் கையால் ஒதுக்கினார். ஜெபராஜ் அனுப்பித்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். தமிழும் தெலுங்குமாகப் பொரிந்தார்.

"நேத்து மீ சாரு வந்தாரு. பிரார்த்தன பண்ணாரு. பில்ல கவனமில்லாம கைய வெச்சேன்னு சொல்லிடட்டும், அப்பத்தான் வேல போகாதுன்னாரு. இப்போ நுவ்வு வந்திருக்க. மன்னிச்சேம்னு சொல்ல வெக்கவா?"

"நான் அதுக்கு வரலம்மா."

"மீ தேவுடு ஈசியா மன்னிப்பாருன்னு கேட்டிருக்கேன். மீக்கு ரொம்ப வசதி. மொதல்ல அவரு தப்புப் பண்ணேன்னு சொல்லட்டும். அப்புறம் மன்னிக்கிறது, மன்னிக்காதது மா இஷ்டம், எங்க இஷ்டம்."

நான் வேறு எதற்கோ வந்தேன் என்று விளக்க முயன்றேன். என் தெலுங்கு அதற்குப் போதவில்லை. போதுமானதாக இருந்திருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். ஏன் நம்ப வேண்டும்? மனந்திரும்புதல் முதலில், மன்னிப்பு பிறகு என்று அந்தம்மா சொன்னதுதான் நாங்கள் ஞாயிறுதோறும் படிக்கிற சுவிசேஷம்.  பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விபத்தைப் பற்றிக் கம்பெனி விசாரணை வைத்து என்னையும் சாட்சிக்கு அழைத்திருந்த நாளன்று கேன்டீன் பக்கத்தில் ஜெபராஜ் அண்ணன் என்னை நிறுத்தினார். அவர் அரக்கன் இல்லை. கண் வீங்கியிருந்தது, தூங்கவில்லை என்று தெரிந்தது.

"சிஸ்டர், எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீது. ஊரு உட்டு ஊரு வந்து பொழச்சிகினு கீறோம். நம்மள நாமே காட்டிக் குடுத்தா, இந்தத் தெலுங்குக்காரனுங்க நம்ம மொத்தப் பேரையும் அனுப்பிடுவானுங்க. அவ கவனமில்லாம கைய உட்டான்னு சொல்லு, அவ்ளோதான். ஒரு வார்த்த."

"அந்த ஒரு வார்த்தையில அந்தப் பொண்ணு வேல போயிடும்ண்ணா. கை போனதும் அவ தப்புன்னு ஆயிடும்."

"உன்ன இங்க கொண்டாந்து சேத்தது யாரு? மறந்துட்டியா?"

"மறக்கலண்ணா. அதுக்காவ பொய்ச்சாட்சி சொல்ல முடியாது. நீதான அந்தக் கட்டளைய எங்களுக்கு மனப்பாடம் பண்ணச் சொன்ன?"

"ரொம்பப் பேசற நீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே ஏசி அறை. மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, ஓரத்தில் ஜெபராஜ் அண்ணன். மெஷினில் ஏதாவது கட்டியிருந்ததா என்று அதிகாரி கேட்டார். கட்டியிருந்தது என்றேன். யார் கட்டினது என்றார். "கட்டினது அந்தந்த ஆபரேட்டர் சார். கட்டச் சொன்னது இவரு. கட்டாதவங்கள லைன்ல இருந்து தூக்கினதும் இவரு. கட்டாம ஓட்டினா வராதுன்னு தெரிஞ்சும் போர்டுல அந்த டார்கெட்ட எழுதினது நீங்க" என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னேன். "அது வேற மேட்டர்மா" என்றார் அவர். "வேற மேட்டர் இல்ல சார்" என்றேன்.  என்னைத் தைரியசாலி என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் நான் சொன்ன பிறகு வெளியே காத்திருந்த ஆபரேட்டர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் அதையே சொன்னார்கள். தெலுங்கர்கள், ஒடிசாக்காரர்கள், எங்கள் ஊர்க்காரர்களில் சிலரும்.

ஸ்ரவந்தியின் கவனக்குறைவு என்று எழுத முடியாமல் போயிற்று. அவளுடைய வேலை போகவில்லை, இப்போது ஸ்டோரில் இருக்கிறாள். பொத்தான்களைக் கட்ட முடியாதபடி மேலே இரும்பு மூடி போட்டிருக்கிறார்கள். ஜெபராஜ் அண்ணனை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். போர்டில் டார்கெட் எழுதினவருக்கு ஒன்றும் ஆகவில்லை.  வேலைக்குத் திரும்பின அன்று ஸ்ரவந்தி என்னிடம் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சுதானே இருந்திச்சு அக்கா? மா வேலு போனாத்தான் வாய் தொறக்குமா?" என்றாள். மா வேலு என்றால் எங்கள் விரல். நியாயமான கேள்வி. தம்பி ஆபேலைக் கொன்ற அண்ணனிடம் உன் தம்பி எங்கே என்று கேட்டாரே ஆண்டவர், அந்தக் குரல் எனக்கு அவளுடைய வாயில் இருந்துதான் கேட்டது.

அடுத்த ஞாயிறு மாடிக்குப் போனேன். பாயில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினேன். செய்தி எனக்கு முன்னால் ராணிப்பேட்டை போய்ச் சேர்ந்திருந்தது. "தெலுங்குக்காரிக்காக நம்ம ஆள மாட்டி உட்டியாமே" என்று என் சொந்தத் தங்கையே கேட்டாள். நம்ம ஆள் யார் என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

இப்போது பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் தெலுங்குச் சபைக்குப் போகிறேன். வாசலில் "வந்தனாலு" என்று கைகூப்புகிறார்கள், நானும் கூப்புகிறேன். பாட்டில் பாதி புரியாது. ஆண்டவர் கற்பித்த ஜெபம் வரும்போது மட்டும் நான் தமிழிலேயே சொல்கிறேன், அதை வேறு மொழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய சித்தம் பரலோகத்தில் போலப் பூமியிலும் நடக்க வேண்டும் என்ற இடத்தில் ஒவ்வொரு வாரமும் என் குரல் நின்றுவிடுகிறது. இந்தப் பூமியில்தானா, அந்தப் பிரஸ் மெஷின் பகுதியிலுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் சபை என்னைத் தாண்டிப் போய்விடுகிறது. அவர்கள் எல்லோரும் முடித்து உட்காரும்போது நான் மட்டும் நின்றுகொண்டு, யாருக்கும் புரியாத தமிழில் மீதியைச் சொல்லி முடிக்கிறேன். என் ஆமென் தனியாக விழுகிறது.