நீலம் வந்த நாளின் போளி

சர்க்கரைச் சோதனைக்கு முந்தைய நாட்களில் நோயாளி வழக்கம்போல் சாப்பிட வேண்டும், எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்பது விதி. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த எங்கள் டாக்டர் அதை வாயால் சொன்னதோடு நிற்காமல் சீட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க்காக இருந்த அப்பா அந்தச் சீட்டை மரியாதையுடன் படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த விதிக்கு நேர்ந்தது, நல்ல விதிகளுக்கு நம் ஊரில் பொதுவாக நேர்வதுதான். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. மீறியதாக ஒருவரும் நினைக்கவில்லை. தலைமைச் செயலகத்தில் விதிகளுக்கு நடுவிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால் இதைக் கொஞ்சம் அதிகாரத்துடனேயே சொல்கிறேன்.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது ஒரு நீலம். மெல்லிய கண்ணாடிக் குழாயில், மயில் கழுத்தைப்போல மின்னும் நீலக் கரைசல். டாக்டரின் கம்பவுண்டர் அதில் அம்மாவின் சிறுநீரைச் சில சொட்டுகள் விட்டு, மரக் கவ்வியால் குழாயைப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டுவார். ஸ்பிரிட் எரியும் அந்தத் தித்திப்பான வாசனை அறை முழுவதும் பரவும். கரைசல் கொதித்து நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறத்துக்குப் போனால் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேரும், அவரவர் நோயை மறந்துவிட்டு, அம்மாவின் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாம் வகுப்பில் படித்த எனக்கு அது பரீட்சை முடிவு ஒட்டும் பலகையாகத்தான் தெரிந்தது. எங்கள் அம்மா ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

தோற்காததற்குக் காரணம் அப்பா. அவருடைய அலுவலகத்துக்கு அவ்வப்போது "இன்ஸ்பெக்ஷன்" வரும். வருவதற்கு முன்பே தேதி தெரிந்துவிடும். அந்த வாரம் கோப்புகளுக்குத் தூசி தட்டுவார்கள், நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்கள், நெடுநாள் லீவில் இருப்பவரும் வந்து நாற்காலியில் உட்காருவார். மேலதிகாரி பார்த்துவிட்டுத் திருப்தி என்று எழுதிப் போனதும் கடிகாரம் மறுபடி நிற்கும். இந்த முறையில் அப்பாவுக்கு அசையாத நம்பிக்கை. அம்மாவின் சர்க்கரைக்கும் அதையே கொண்டுவந்தார். டாக்டரிடம் போவதற்கு முன் சில நாட்கள் வீட்டில் பாகற்காய், கோதுமைக் கஞ்சி, வெந்தயம். காப்பியில் சர்க்கரை கிடையாது. மற்ற நாட்களில் மறந்துபோகும் மாத்திரை அந்த நாட்களில் மட்டும் மணி அடித்தாற்போல் உள்ளே போகும்.

சிறுநீர்ப் புட்டியைத் துணிப்பையில் வைத்து, மேலே ஒரு துண்டு வாழையிலையைப் போட்டு மூடிக்கொண்டு, அம்மா என்னையும் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த ஸ்ரீவராகத்துத் தெருவில் தலை குனிந்து நடப்பாள். சர்க்கரை வியாதி அப்போது வெளியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. எதிர்வீட்டுக் கமலம் மாமிக்கு மட்டும் எந்தப் பையானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

"என்னடி ஜானகி, பையில?"

"எண்ணெய் மாமி."

"நல்லெண்ணெயா? எங்காத்துல சொட்டு இல்லை கேட்டியா, ஒரு கரண்டி விட்டுட்டுப் போயேன்."

"இது... இது மருந்தெண்ணெயாக்கும் மாமி," என்று சொல்லிவிட்டு அம்மா ஓட்டமும் நடையுமாகத் திருப்பம் தாண்டுவாள். தாண்டியதும் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முடிந்ததும் முகம் சுருங்கிப்போகும். புடவைத் தலைப்பால் பையை இன்னும் ஒரு சுற்று மூடிக்கொள்வாள்.

வியாதி எப்படி வந்தது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. "உங்காத்து வியாதி" என்பார் அப்பா. "கல்யாணம் ஆனப்பறம்தானே வந்தது, அப்போ யாராத்து வியாதி?" என்று அம்மா கேட்டால் அவர் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். சர்க்கரை தின்பதால் மட்டும் வருவது இல்லை அது. பரம்பரையும் உண்டு, உடம்பில் சுரக்கும் இன்சுலின் போதாமலோ வேலை செய்யாமலோ போவதும் உண்டு என்று டாக்டர் பொறுமையாகச் சொல்வார். அப்பா தலையாட்டுவார். அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்று: "நெக்ஸ்ட் டெஸ்ட் என்னிக்கு டாக்டர்?"

நீலம் வந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக அம்மாவின் வேண்டுதல். டாக்டர் வீட்டிலிருந்து நேரே கோயிலுக்குப் போவோம். அப்பாவும் அங்கே வந்து சேர்ந்துகொள்வார். தேங்காயை உடைத்ததும் அவர் கிழக்கே கோட்டைப் பக்கம் போய் வாழையிலையில் கட்டிய போளிப் பொட்டலத்துடன் வருவார். வீட்டில் அம்மா காலையிலேயே வைத்த பால்பாயசம் தயாராக இருக்கும். இந்த மலையாள நாட்டு ஊரில் போளியைத் தனியாகத் தின்றால் அது தின்றதாகக் கணக்கில் வராது. இலையில் போட்டுப் பிய்த்து, மேலே பாயசத்தை ஊற்றி, விரலிடுக்கில் வழிய வழியக் குழைத்துச் சாப்பிட வேண்டும். சர்க்கரை இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தை நாங்கள் சர்க்கரையால் கொண்டாடினோம். இதில் ஏதோ இடிக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நானும் இரண்டாவது போளிக்கு இலையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அம்மாவுக்குத் தாகம் ஓயவே இல்லை. தண்ணீர்க் கூஜாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வீட்டுவேலை செய்தாள். ஒரு நாள் மாவு சலித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏன்னா, கொஞ்ச நாளா தரையில நடந்தா பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு."

"சுகமாக்குமே," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

அடுத்த நீலத்துக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தபோது, பூக்காரி ஒருத்தி கத்தினாள்: "அம்மே, காலு நோக்கு! சோர!" மலையாளத்தில் சோர என்றால் ரத்தம். யாரையோ சொல்கிறாள் என்று அம்மா அனுதாபத்துடன் திரும்பிப் பார்த்தாள். கல்தரையில் சிவப்பாக ஒற்றைப் பாதத்தின் தடங்கள். எங்கே தேங்காய் உடைத்தோமோ அங்கே தொடங்கி, வரிசையாக வந்து, அவள் நின்ற இடத்தில் முடிந்தன. அப்பா குனிந்து அவள் காலைத் தூக்கிப் பார்த்தார். சிதறிக் கிடந்த தேங்காய்ச் சிரட்டையின் கூர்மையான சில்லு ஒன்று பெருவிரலுக்குக் கீழே புதைந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே," என்றாள் அம்மா. அவள் குரலில் பயமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. கமலம் மாமி வாசலிலேயே நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையார் உன் வலியைத் தானே எடுத்துண்டுட்டார்டி. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது!" மஞ்சளைக் குழைத்து வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மா அன்று மாலை முழுவதும் கூச்சத்துடன் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வந்து காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கால் மரத்துப்போயிருந்தது, சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தது என்பதை, அத்தனை பேர் கூடியிருந்த அந்தக் கூடத்தில் சொல்ல ஒருவரும் இல்லை.

காயம் ஆறவில்லை. சில நாட்களில் துணியை அவிழ்த்தால் ஒரு வாடை வந்தது. டாக்டரிடம் போகலாம் என்று அம்மாதான் சொன்னாள்.

"போலாம்," என்றார் அப்பா. "ஆனா இப்படியே போனா கலர் மாறிடும். போன தடவைக்கு அப்பறம் பாயசம், போளி எல்லாம் ஆயிருக்கு. ரெண்டு நாள் பத்தியம் இருந்துட்டுப் போலாம்."

"அதுவும் செரிதான்," என்றாள் அம்மா.

அவரைக் கொடியவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அம்மாவின் மேல் அவருக்கு உயிர். அதிகாரி வரும்போது தூசி இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாள் பத்தியம் முடிவதற்குள் தெருவில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி வந்தது, இலையில் விழுந்ததைத் தட்ட முடியவில்லை. பத்தியம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாயிற்று. ஒருவழியாக அம்மாவை ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோன அன்று குழாயில் நீலம் இருந்தது. பெருவிரல் கறுத்திருந்தது.

டாக்டர் குழாயைப் பார்க்கவே இல்லை. துணியை அவிழ்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். ஸ்ரீவராகத்து நோயாளிகளிடம் பழகிப் பழகி வந்த தமிழில் அவர் அப்பாவிடம் கேட்டார்:

"சாரே, நான் உங்க ஆபீஸ் இன்ஸ்பெக்ட் பண்ண வந்த ஆளா? இத்தனை நாள் எந்தா பண்ணிட்டிருந்தது?"

பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பவுண்டரின் கையிலிருந்த குழாயைப் பார்த்தேன். அம்மா ஒருத்திதான் பேசினாள், தப்புச் செய்த பிள்ளை கேட்பதுபோல.

"நீலம் வந்ததே டாக்டர். பின்னே ஏன்?"

டாக்டர் கை கழுவப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியபோதும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்தார்கள்.

தெருவைத் தாண்டி யார் கேட்டாலும் "ஆணி குத்தித்து" என்று சொல்லச் சொன்னார் அப்பா. பள்ளிக்கூடத்தில் நானும் ஆணி என்றே சொன்னேன். கமலம் மாமி இப்போது பிள்ளையாரைப் பற்றிப் பேசுவதில்லை. போன ஜன்மத்தைப் பற்றிப் பேசினாள். அம்மா புடவையை இன்னும் தாழ இறக்கிக் கட்டிக்கொண்டாள். கோயிலில் பாதம் தெரியும் என்று போவதையே விட்டாள். வீட்டில் போளி என்ற சொல் வழக்கொழிந்தது.

அதன்பின் அப்பா தினமும் காலையில் முகம் மழித்த கையோடு, அந்தச் சிறிய கண்ணாடியை எடுத்துவந்து அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் கண்ணாடியைக் காட்டி, விரலிடுக்கெல்லாம் பார்த்தார். கீறல் உண்டா, கொப்புளம் உண்டா, சிவந்திருக்கிறதா. டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை. அம்மாவுக்கு அது தாங்கவில்லை.

"ஏன்னா, என் காலை நீங்க தொடலாமா? பாவமாக்கும். விடுங்கோ."

"இது காலா? எனக்கு இது ஃபைல். தினம் பாக்கற ஃபைல். ஆட்டாதே."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவர் தலையை நிமிர்த்த மாட்டார். இருவர் முகத்தையும் பார்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நான் அந்த நேரத்தில் கூடத்துக்கு வருவதைத் தவிர்த்தேன். முன்னறிவிப்பில்லாமல், தயாரிப்பில்லாமல், லீவு நாளிலும் நடந்த அந்த ஒரு இன்ஸ்பெக்ஷனால்தான் அம்மாவின் மற்ற விரல்கள் கடைசிவரை அவளிடமே இருந்தன.

இவ்வளவும் தெரிந்தவள் நான். இப்போது எனக்கும் சர்க்கரை. மாத்திரைகளின் பெயரும் அளவும், எந்தப் படிவத்தை எந்த ஜன்னலில் கொடுத்தால் மருத்துவச் செலவு திரும்பக் கிடைக்கும் என்பதும் எனக்கு மனப்பாடம். வெறும்வயிற்றுச் சோதனைக்கு முந்தைய வாரம் நான் ராத்திரியில் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிறேன், ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். நல்ல எண் வந்ததும் அதைப் படமெடுத்துப் பெங்களூரிலிருக்கும் மகளுக்கு அனுப்புகிறேன். அவள் ஃபோனில் ஒரு கைதட்டல் அனுப்புவாள். அன்று மாலை நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவள் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

என் டாக்டர் மகளைவிடச் சின்னவள். என் எண்களின் வரிசையைப் பார்த்துவிட்டு, இத்தனை அழகாக யாருக்கும் இருக்காதே என்று மலையாளத்தில் சிரித்தாள். பிறகு வேறொரு சோதனை எழுதினாள். ரத்தத்தின் சிவப்பணுவில் சர்க்கரை ஒட்டிக்கொண்டால் அந்த அணு சாகும்வரை உதிராது; அதனால் ஏறக்குறைய மூன்று மாதம் நாம் எப்படி இருந்தோம் என்பது அதில் படிந்திருக்கும். "நேற்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று இது கேட்காது, ஆன்ட்டி. பத்தியம் இருந்து ஏமாற்றவும் முடியாது," என்றாள். நான் முதலில் ஓணம் கழியட்டும் என்றேன். பிறகு ஜலதோஷம் என்றேன். அது சரியானதும், கோப்பைக் கிடப்பில் போடுவதற்கு நான் சர்வீசில் கற்ற எல்லா வழியும் தீர்ந்துபோனதால், கையை நீட்டிக் கொடுத்தேன்.

பழைய டாக்டர் வீடு இருந்த இடத்தில் இன்று ஃபோன் உறைகள் விற்கிறார்கள். நீலக் கரைசலும் ஸ்பிரிட் விளக்கும் மரக் கவ்வியும் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. அந்தத் தித்திப்பு வாசனையை என் மகளுக்கு விளக்க முடியவில்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை, மழிக்கும் கண்ணாடியும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. போளி மட்டும் இருக்கிறது, பிளாஸ்டிக் டப்பாவில், எந்த நாளிலும் கிடைக்கிறது. என் ஃபிரிஜ்ஜில் ஒரு டப்பா இருந்தது.

சோதனையின் முடிவு ஃபோனுக்கே வந்தது. என் எண்ணைச் செங்கல் நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். அம்மாவின் குழாயில் நாங்கள் ஒருநாளும் வரவிடாத அந்த நிறம். நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வெகுநாட்களுக்குப் பிறகு என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். குனிய முடியவில்லை, கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுக்க வேண்டியிருந்தது.

நீலம் வந்ததே, பின்னே ஏன் என்று அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் வந்த தேதி: ஐப்பசியில் சாமி கடலாடும் அல்பசி ஆராட்டுக்கு மறுநாள், புதன்கிழமை.