தோற்றவர் வளர்க்கும் பந்து

எங்கள் வீட்டில் கட்டிலுக்கு என் வீட்டுக்காரர் படுக்கும் பக்கமாக ஒரு கூடைப்பந்து இருக்கும். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அதையும் ஈரத்துணியால் துடைத்து வைப்பார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்று குறைந்திருந்தால் பம்பை எடுத்து அடிப்பார். வருகிறவர்கள், விளையாட்டு வாத்தியார் வீட்டில் பந்து கிடப்பதில் என்ன அதிசயம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் என்னிடம் தோற்று வாங்கிய பந்து அது.

நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பி.டி. மேடம். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு கல்லூரியில் பி.டி. சார். இரண்டு ஊருக்கும் இடையே பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். இரண்டு கல்லூரியிலும் பெண்கள் கூடைப்பந்து அணி உண்டு. ஒரே மண்டலம் என்பதால் வருஷாவருஷம் மோதிக்கொள்வோம். ஆடியில் ஆண்டாள் தேர் நிலைக்கு வந்த மறுவாரம் எங்கள் மேட்ச்.

அந்த மேட்சுக்கு, நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே, ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர்கள் மைதானத்தில்தான் அடுத்த வருஷ ஆட்டம். தோற்றவர்கள் அன்று ஆடிய பந்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த மேட்சுக்கு அதையே கொண்டுவர வேண்டும். 'தோத்தவிய பந்தை வளக்கணும்' என்பது பிள்ளைகள் பேச்சு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரு பந்தியில் உட்காரும். அங்கே ஓர் ஆள், இங்கே ஓர் ஆள் என்று கலந்துதான் உட்கார வேண்டும். முழங்கையால் இடித்தவளுக்கு இடிபட்டவள் சாம்பார் ஊற்றச் சொல்லும் காட்சியெல்லாம் அங்கே நடக்கும்.

நாங்கள் சந்தித்ததே அப்படி ஒரு பந்தியில்தான். புதிதாக வேலைக்கு வந்த ஒல்லி வாத்தியார் ஒருவர், தோற்ற பந்தை மடியில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பந்தைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடலாமே என்றேன். உருண்டுபோயிரும் மேடம் என்றார். அடுத்த வருஷம் அந்தப் பந்தோடு வரும்போது ஜாதகத்தையும் கொண்டுவந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் மேட்ச் ஊர்ச் சிரிப்பாகிவிட்டது. மேட்சுக்கு முந்தின வாரம் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். ஒருவர் திட்டம் இன்னொருவர் காதில் விழக்கூடாதாம். போனில் பேசினாலும் பால் வாங்கினாயா, சிலிண்டர் வந்ததா என்பதோடு சரி. மேட்ச் முடிந்து தோற்று, பெட்டியோடும் பந்தோடும் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்புவார். ஒவ்வொரு வருஷமும் அவர்தான் தோற்றார். நாங்கள் பொறுப்பேற்ற நாளிலிருந்து அந்த மேட்ச் என் கல்லூரி மைதானத்தை விட்டு நகரவே இல்லை.

பிறகு டிவி வந்தது. கல்லூரி அணிகளை வைத்து ஒரு சேனல் லீக் நடத்தப் போவதாகப் பேச்சு அடிபட்டது. பேச்சு முடிவதற்குள் மண்டலங்களைக் கலைத்து மாற்றி எழுதிவிட்டார்கள். மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று பெயர் பெற்ற கல்லூரிகளைப் பொறுக்கி மேல் பிரிவு ஒன்று. மிச்சமிருந்தவை கீழ்ப் பிரிவு. ராஜபாளையம் கூடைப்பந்துக்குப் பெயர் போன ஊர் என்பதால் எங்களை எடுத்துக்கொண்டார்கள். அவர் கல்லூரியை எடுக்கவில்லை. அங்கே கேமரா வைக்க இடமில்லையாம், பார்க்க ஆளில்லையாம். அக்கம்பக்கத்து ஊர்களோடு ஆடிக்கொண்டிருந்த நாங்கள் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏற ஆரம்பித்தோம்.

சேனல் பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உப்பைத் தின்றுவிட்டு அப்படிப் பேசக்கூடாது. பிள்ளைகளுக்கு நல்ல ஷூ வந்தது. கல்லூரிக்கு பஸ் வந்தது. என் அணியின் கேப்டன் தளவாய்புரத்துப் பெண். அவள் அம்மா வீட்டில் நைட்டி தைக்கிறார். மெஷினை விட்டு எழுந்தால் கூலி போய்விடும் என்பதால் மகள் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதல் மேட்ச் டிவியில் வந்த அன்று, மெஷினுக்கு எதிரே டிவியைத் திருப்பி வைத்துக்கொண்டு தைத்தபடியே பார்த்தாராம். ஒரு நைட்டிக்குக் கழுத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டேன் மிஸ் என்று மறுநாள் போனில் சிரித்தார்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. லீக் முடிகிறவரைக்கும் மேல் பிரிவு அணிகள் வேறு யாரோடும் மேட்ச் ஆடக்கூடாது. தேர் முடிந்த மறுவாரம் எங்களுக்கு லீக். அவருக்கோ அதுதான் கடைசி வருஷம். அடுத்த ஆடிக்குள் அவர் ரிட்டயர்டு. ஒருமுறையாவது என்னை ஜெயித்து அந்தப் பந்தை என்னிடம் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு ஆடியும் பெட்டி கட்டும்போது அவர் போடும் விசிலில் எனக்குத் தெரியும். அந்த வருஷம் பெட்டி கட்டவில்லை. பந்தைத் துடைத்து வைத்துவிட்டு, "அப்ப இது எங்கூடவே இருந்துக்கிடும்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சேனலிலிருந்து வந்திருந்த தம்பியிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரே ஒரு மேட்சுக்கு அனுமதி கேட்டேன். அவனுக்குக் கண் விரிந்துவிட்டது. புருஷனும் பொண்டாட்டியும் எதிரெதிர் கோச்சா, சூப்பர் மேடம், இரண்டு பேரும் ஸ்டுடியோவுக்கு வந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நில்லுங்கள், சமையலறையில் சண்டை போடுவது மாதிரி ஒரு காட்சி எடுப்போம், மேட்சை நான் வாங்கித் தருகிறேன் என்றான். வீட்டில் வந்து சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபின், நம் வீட்டுச் சண்டைக்கு நடுவில் விளம்பர இடைவேளை விடுவார்களா என்று கேட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எங்கள் முதல் மேட்ச் மதுரையில், கூரை போட்ட உள்ளரங்கில் நடந்தது. அந்த மேட்சில் எங்கள் மானம் போனது. எங்கள் பிள்ளைகள் போட்ட பந்தெல்லாம் கூடைக்குப் போகாமல் வளையத்தின் ஓரத்தில் இடித்து, ஒரே பக்கமாக, கேலரி இருந்த பக்கமாக விழுந்துகொண்டே இருந்தது. எதிரணி பாயிண்டாக அள்ளியது. நான் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். வருஷக் கணக்காகக் கத்தி வருவதைத்தான் கத்தினேன். "ஏட்டி, மலைக்குச் சாச்சுப் போடு, மலைக்குச் சாச்சுப் போடு." என் தோளில் மாட்டியிருந்த மைக் அதை ஊர் உலகத்துக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. வர்ணனையாளர் ஒருவர் இது ராஜபாளையம் அணியின் ரகசியச் சங்கேதம் போலிருக்கிறது என்றாராம். என்ன சங்கேதமோ, படுதோல்வி.

வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் காப்பி போட்டுக்கொண்டுவந்து கையில் கொடுத்தார். எதிரே உட்கார்ந்து, "மதுரையில அந்தக் கூரைக்குள்ள ஏது மலை?" என்று கேட்டார்.

கேலி செய்கிறார் என்று எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு காப்பி கையிலேயே ஆறிப்போனது. எங்கள் மைதானத்துக்கு மேற்கே தாழ்வான கேலரி, அதற்குப் பின்னால் மறைப்பே இல்லாமல் மலை. ஆடி ஆவணியில் மலையடி அய்யனார் கோவில் பக்கமிருந்து வரும் காற்று மைதானத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். நேராகப் போட்ட பந்து கூடைக்குப் போகாது. எந்த வளையத்துக்குப் போட்டாலும் மலைப் பக்கமாக ஒரு விரல் சாய்த்துப் போட்டால், காற்று அதைக் கொண்டுபோய்க் கூடையில் விடும். அப்படித்தான் நான் ஆடிப் பழகினேன், அப்படித்தான் பிள்ளைகளைப் பழக்கினேன். அது எங்கள் கையிலேயே ஊறிவிட்டது. காற்று இல்லாத அரங்கில் போய் நின்றுகொண்டு, கேலரியை மலையென்று நினைத்து அத்தனை பேரும் அதை நோக்கிச் சாய்த்திருக்கிறோம்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவர் கல்லூரி மைதானத்துக்கு மூன்று பக்கமும் மாடிக் கட்டடம். அங்கே இலை அசையாது. அங்கே பழகிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருஷாவருஷம் எங்கள் காற்றுக்குள் வந்து தோற்றிருக்கிறார். தோற்றதால் அடுத்த வருஷமும் எங்கள் மைதானத்துக்கே வர வேண்டியிருந்திருக்கிறது.

தெரிந்தேதானா என்று கேட்டேன். தெரியும் என்றார். பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றதற்கு, டம்ளரை வாங்கிக்கொண்டே, "காத்து ரெண்டு டீமுக்கும் பொதுவாத்தான வீசுச்சு. தோத்துப்போட்டு காத்தைக் குத்தம் சொல்லுறதா?" என்றார்.

இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன்தான். ஆனாலும் அன்றைக்கு அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவார் என்று சொல்லவில்லை.

உன் பிள்ளைகளை எங்கள் மைதானத்துக்குக் கூட்டி வா, காற்றை மறக்கட்டும் என்று அவர்தான் சொன்னார். நிபந்தனையை ஞாபகப்படுத்தினேன். விசில் ஊதினால்தானே மேட்ச், ஊதாமல் ஆடச் சொல் என்றார். சேனல் பெயர் ஒட்டிய புது பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனோம். இறங்கி உள்ளே போனபோது அவர் ஸ்கூட்டர் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதன் உருண்டையைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது. நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

முதலில் வெறும் பயிற்சிதான். எங்கள் பிள்ளைகள் போட்டதெல்லாம் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. அவர் பிள்ளைகள், மலை எங்கக்கா என்று கேட்டு உயிரை வாங்கினார்கள். போகப் போகப் பந்து நேரானது. அப்புறம் அவர் பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்து, இதில் ஆடுங்கள் என்று நடுவில் போட்டார். விசில் இல்லை. ஃபவுலுக்கு நான் கை தட்டினேன், வெளியே போன பந்துக்கு அவர் கை தட்டினார். பாயிண்டை எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அத்தனை வாயும் எண்ணிக்கொண்டிருந்தது. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. என் நல்ல பிள்ளைகளைத்தான் உள்ளே விட்டேன், வழக்கம்போலக் கத்தினேன். காற்றில்லாத இடத்தில் அவர் பிள்ளைகள் எங்களை ஜெயித்தார்கள்.

ஆட்டம் நின்றது. அவர் பிள்ளைகள் குதிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கேப்டன்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மிஸ், இத நாமதான வளக்கணும்" என்றாள்.

அவர் வேகமாக வந்து, இது மேட்ச் இல்லை, நான் உதவிக்குத்தான் கூப்பிட்டேன் என்று பந்தை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"விசில்தான ஊதல. தோத்தது தோத்ததுதான். விடுங்க" என்றேன்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடினார். அன்று பேண்ட் போட்டிருந்தார். என் முந்தானையை நீட்டினேன். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஓவென்று கத்த, அவர் பிள்ளைகளும் அப்போதுதான் குதித்தார்கள். பிறகு கட்டடத்து நிழலில் கலந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். போகும்போது டவுன் பஸ்ஸில் பந்தை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா கீழே வைக்கலாமே என்றார். உருண்டுபோயிரும் என்றேன்.

அதன் பிறகு லீக்கில் எங்கள் பிள்ளைகள் நேராகப் போட்டார்கள். கோப்பை வரை போகவில்லை, மானத்தோடு திரும்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டம் எந்த டிவியிலும் வரவில்லை. கோடையில் அவர் ரிட்டயர்டு ஆனார். மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மண்டலம் இனி பழையபடி மாறப்போவதில்லை என்கிறார்கள்.

பந்து இப்போது கட்டிலுக்கு என் பக்கம் இருக்கிறது. வீட்டைத் துடைப்பவர் இன்னமும் அவர்தான். ஆனால் பந்தைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார். கேட்டால், தோற்றவர் வேலையை ஜெயித்தவர் செய்வதா என்கிறார். போன வெள்ளிக்கிழமை மட்டும் துடைத்துக்கொண்டே வந்தவர் நின்று, குனிந்து, கட்டைவிரலால் அதை அமுக்கிப் பார்த்தார்.

"காத்து கொறஞ்சு கெடக்கு. ஆடிக்கு எங்க கிரவுண்டுக்குக் கொண்டாரணும்லா, கவனிக்க மாட்டியா" என்றார்.

எந்த ஆடி, யார் கிரவுண்ட் என்று நான் கேட்கவில்லை. எழுந்துபோய்ப் பம்பை எடுத்து வந்தேன்.