கைராசி என்கிற பழி

எங்கள் ஆய்வகத்தில் அவளை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். தீப்பிடித்துவிட்டது என்று கத்தினாலும், எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்வாள். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்து மூன்று. ஒரு பெண் குழந்தை, பேருந்து ஓட்டும் கணவர், வாய் ஓயாத மாமியார். நான் அங்கே செல் அறையைப் பார்த்துக்கொள்பவன். புற்றுநோய் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பது, வேளாவேளைக்கு ஊடகம் மாற்றுவது, பூஞ்சை பிடிக்காமல் காப்பது, மாணவர்களைத் திட்டுவது எல்லாம் என் வேலை. கடைசி வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

ஊடகம் என்றால் செல்களுக்குச் சாப்பாடு. பார்க்கச் சிவப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதில் மூழ்கிக் கிடந்துதான் அவை தின்று பெருகும்.

அவளுடைய ஆராய்ச்சியை என் மனைவிக்குச் சொன்ன மாதிரியே இங்கும் சொல்லிவிடுகிறேன். செல்லுக்கு வெளியிலிருந்து ‘பெருகு’ என்று ஒரு செய்தி வரும். உள்ளே ஒரு புரதம் அதை அடுத்த புரதத்தின் காதில் போடும், அது அடுத்ததிடம் சொல்லும், இப்படியே உட்கரு வரைக்கும் போய்விடும். புற்றுநோய் செல்லில் இந்தப் பேச்சு நிற்கவே நிற்காது. நடுவில் இருக்கும் ஒரு புரதத்தின் வாயை அடைக்க நிதானம் ஒரு வேதிப்பொருளைத் தன் கையாலேயே தயாரித்திருந்தாள். மருந்து என்று சொல்லும் அளவுக்கு அது வளரவில்லை, ஆனால் நாங்கள் அப்படித்தான் சொன்னோம். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, செல்களை உடைத்து, புரதங்களைப் பிரித்து, படம் எடுக்க வேண்டும். பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் படத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும். நின்றுவிட்டால் பட்டை இருக்காது.

அவள் எடுத்த படங்களில் மருந்து போட்ட இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பதினொரு தடவை. பக்கத்தில் மருந்து போடாத செல்களின் பட்டை கன்னங்கரேல் என்று நின்றது.

“உனக்குக் கைராசிம்மா,” என்றார் மேடம். மேடம் என்றால் எங்கள் பேராசிரியை, அவளுடைய வழிகாட்டி. அன்றிலிருந்து யார் புதுச் சோதனை தொடங்கினாலும், “அக்கா, முதல் தட்டை நீங்க தொட்டுக் கொடுங்க,” என்று அவளிடம் வந்து நின்றார்கள். மாமியாரோ, மருமகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

நான்காம் ஆண்டில் வந்தது வினை. ஆய்வேட்டைக் கட்டுவதற்கு முன்னால் வேறு ஒருவர் கையிலும் அந்த முடிவு வரவேண்டும் என்றார் மேடம். அது நியாயமான விதி. இளைய மாணவி ஒருத்தி மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் பட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு என்னைச் செய்யச் சொன்னார்கள். நிதானம் எழுதிவைத்திருந்த செய்முறையை எதிரில் ஒட்டிவைத்துக்கொண்டு வரிக்கு வரி செய்தேன். எனக்கும் பட்டை நின்றது.

“இந்த மாசக் கடைசிக்குள்ள இன்னொருத்தர் கையில வரணும்,” என்றார் மேடம். “வரலேன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடலாம்.”

“அதை எடுத்துட்டா மிச்சம் என்ன மேடம் இருக்கு?” என்று கேட்டாள் நிதானம்.

மேடம் கொஞ்சம் யோசித்தார். “முன்னுரை இருக்கு,” என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதுதான் உண்மை.

கைராசி என்ற சொல் ஆய்வகத்தில் அப்புறமும் புழங்கியது, ஆனால் தொனி மாறிவிட்டது. கைராசிக்காரர் துணிக்கடை திறந்துவைக்கலாம். ஆராய்ச்சியில் ஒருத்தர் கைக்கு மட்டும் ஒன்று வருகிறது என்றால், அந்தக் கை என்னவோ பண்ணுகிறது என்று அர்த்தம். காபி இயந்திரத்தின் பக்கத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அவள் வந்ததும் காபி நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தக் காபி ஒரு நாளும் நன்றாக இருந்ததில்லை.

அவள் செல் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். “அண்ணே, படத்துல நான் ஏதோ பண்ணிட்டேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?”

“நினைச்சா உங்கூட நின்னு பேசிக்கிட்டிருப்பேனா? போய் வேலையப் பாரும்மா,” என்று எரிந்து விழுந்தேன். ஆனால் ஒரு நாள் முழுக்க நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

மறுநாள் அவளைச் செய்யச் சொல்லிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். கையில் நோட்டு. கையுறை மாட்டினாள், எழுதினேன். தட்டை வெளியே எடுத்தாள், எழுதினேன். தும்மலை அடக்கினாள், அதையும் எழுதினேன். மருந்தைக் கரைக்கும் கட்டம் வந்தது. புது ஊடகப் புட்டி பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. செல்கள் மூழ்கிக் கிடந்த தட்டிலிருந்தே கொஞ்சம் பழைய ஊடகத்தை உறிஞ்சி எடுத்து, மருந்தை அதில் கரைத்து, அதே தட்டில் திரும்ப விட்டாள்.

“நில்லும்மா. இப்ப என்ன பண்ணினே?”

“மருந்து கரைச்சேன்.”

“எதுல?”

“ஊடகத்துலதான் அண்ணே. அப்படித்தானே எழுதியிருக்கேன்?”

எழுதியிருந்தாள். ‘மருந்தை ஊடகத்தில் கரைத்துத் தட்டில் இடவும்.’ எந்த ஊடகம் என்று எழுதவில்லை. உலகத்தில் இருக்கும் எல்லோரும் புதுப் புட்டியைத்தான் திறப்பார்கள். நானும் திறந்தேன், இளைய மாணவியும் திறந்தாள்.

“தட்டுல இருக்கிறத எடுத்துக் கரைக்கணும்னு யார் சொன்னது?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “அடுப்புல கொதிக்கிறதுல உப்பு குறைஞ்சா, அதுலேர்ந்தே ஒரு கரண்டி எடுத்துத்தானே உப்பைக் கரைச்சு ஊத்துவோம்? இதையெல்லாமா அண்ணே எழுதுவாங்க?”

எனக்கு வந்த கோபத்தில் நோட்டை மேசைமேல் போட்டேன். நாலு வருஷம், ஒரு சொல் குறைந்ததால் போகப் பார்த்தது. அன்று மத்தியானமே அவள் வழியில் நான் செய்தேன். என் படம் மகா கோணல். நடுவில் ஒரு காற்றுக்குமிழி, ஓரத்தில் என் விரல் பட்ட கறை. ஆனால் மருந்து போட்ட இடத்தில் பட்டை இல்லை. அவள் படத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நிதானமாக அழக்கூட அவளுக்கு அன்று முடியவில்லை.

அழுகை ஓய்ந்ததும் அவளே அடுத்ததைச் சொன்னாள். “புது ஊடகம் ஊத்தினா மருந்து தோத்துப்போகுது அண்ணே. அப்படின்னா புதுச் சாப்பாடு கிடைச்சதும் செல் வேற வழியில பேச ஆரம்பிக்குது. உடம்புல ரத்தம் ஓயாம புதுசா வந்துகிட்டேதானே இருக்கும்?” அதைச் சொல்லாமல் மென்று விழுங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மேடத்திடம் போய்ச் சொன்னாள். ஆய்வேட்டின் தலைப்பே மாறியது. செய்தியை நிறுத்தும் மருந்து என்றிருந்தது, அந்த மருந்தைச் செல் எப்படி ஏமாற்றுகிறது என்று ஆனது.

வீட்டில் மாமியாருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. “பட்டினி கிடந்தா அந்தச் செல் சொன்ன பேச்சு கேக்குது அத்தை. சாப்பாடு போட்டா கேக்க மாட்டேங்குது.”

“எம்புள்ளைக்கு நேர் எதிரா இருக்கே,” என்றாராம் மாமியார். தெருவில் மட்டும் பழைய செய்தியே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எந்த மருந்தும் இல்லை.

வாய்மொழித் தேர்வன்று நானும் மாமியாரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தைப் புரட்டி ஓரிடத்தில் நின்றார். “மத்த படமெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. இருக்கிறதுலேயே முக்கியமான படம் மட்டும் ஏம்மா இவ்வளவு கோணல்? நடுவுல குமிழி வேற.”

குமிழி என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் படம். அவளுடைய பதினொரு நல்ல படங்களையும் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டு, அத்தியாயத்தின் நடுவில் அதை வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அது நான் எடுத்தது இல்லை சார். எங்க செல் ரூம் அண்ணன் எடுத்தது,” என்றாள். “பின்னாடி உக்காந்திருக்காரே, அவர்தான்.”

“உங்க படமே போட்டிருக்கலாமே?”

“எனக்கு மட்டும் வர்றதுல சந்தேகம் இருந்தது சார்,” என்றாள் அவள். “அவருக்கே வந்திருக்குன்னா, இனி யாருக்கும் வரும்.”

அரங்கம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. மாமியார் தன் கைக்குட்டையை எடுத்து என் மடியில் போட்டார்.