முக்கால் மணித்தியாலப் பறப்பு

பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்யும் விமான ரிக்கெற் கடைக்கு, மூத்த மகனிடம் போக ரிக்கெற் எடுப்பதற்காக ஓர் அம்மா வந்தார். மகன் நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்ஃபெஸ்ட்டில் இருக்கிறார். இளைய மகன் அதே வடக்கில் துரொம்சோவில் போன மாதம் நோயில் இறந்துவிட்டாராம்.

“பெரியவன்ரை ஊரிலையிருந்து சின்னவன்ரை ஊருக்குப் பிளேனிலை எவ்வளவு நேரம், தம்பி?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட வேண்டும் எனக்கு.

“முக்கால் மணித்தியாலம், அம்மா.”

“வடிவாப் பாருங்கோ. ரெண்டு நாள் செல்லுமெண்டு சொல்லித்தானே பெரியவன் கடைசிவரைக்கும் சின்னவனைப் போய்ப் பாக்கேல்லை.”

மறுபடி பார்த்தேன். அதே முக்கால் மணித்தியாலம்தான்.

“பனியிலை பிளேனை நிப்பாட்டியிருப்பாங்கள், என்ன ராசா?”

இளையவர் இறந்த திகதியைக் கேட்டு, அதையும் தேடிப் பார்த்தேன்.

“இல்லையம்மா. அந்தக் கிழமை ஏழு நாளும் எல்லாப் பிளேனும் பறந்திருக்கு.”

ரிக்கெற் வேண்டாமென்று எழுந்து போனார்.

நான் சொன்னது உண்மைதான். ஆனால் கடைக்குள் வரும்போது அந்த அம்மாவுக்கு ஒரு மகன் மிச்சமிருந்தார்.