இரண்டு தரம் விழுந்த சீனி

நப்லாவுக்குக் காலில் சக்கரம். கண்டியில் பஸ் ஏறினால் திகன போய்ச் சேரும்வரை, இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவாள், இறங்க வசதியாம். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: போத்தலுக்குள் வாழைக்கன்று வளர்ப்பது. மூடியைத் திறக்கவும் கூடாது, கன்றை அவசரப்படுத்தவும் முடியாது.

அந்த ஆய்வுகூடத்தில் எழுதி வைக்காத பழக்கம் ஒன்று உண்டு. கன்று வேர்விடும் கூழைக் காய்ச்சும்போது, சீனி விழுந்துவிட்டதா என்று ஒரு சொட்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார்கள். நப்லாவோ றமழானில் விடுபட்ட நோன்புகளைத் திங்களும் வியாழனுமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை, தனியாகச் சீனி நிறுக்கும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய்த் திரும்பியவளுக்கு, சீனியைப் போட்டோமா இல்லையா என்ற ஞாபகமே இல்லை. நாக்கில் வைக்கவும் வழியில்லை. போட்டாள்.

பின்னேரம் சீனி டின்னைத் தூக்கியபோது அது லேசாக இருந்தது; இரண்டு தரம் போட்டிருப்பது விளங்கிவிட்டது. அதற்குள் நானூறு கன்றுகளும் போத்தலில். வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் போத்தல் நிறைய வேர்! மேலாளர் வரதராசா யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் ஆரையும் மெச்சாதவர். அவரே போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல கைராசி பிள்ளை உமக்கு. நாளைக்குக் கூடாரத்துக்கு இறக்குவம். உம்மட நிரந்தர நியமனக் கடிதத்திலயும் கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

நப்லாவுக்குத் தெரியும். போத்தலில் சீனி தின்றே வளர்ந்த இலைக்கு வெளிச்சத்தில் தன் சோற்றைத் தானே சமைக்கத் தெரியாது. இதுவோ இரட்டைச் சீனி. வேரில் ஒட்டிய இனிப்புக்குப் பூஞ்சணமும் ஓடி வரும். ஈரம் காக்கும் பொலித்தீன் கூடாரத்தை வழக்கப்படி ஐந்தாம் நாள் திறந்தால் நானூறும் போச்சு. சொன்னால் கடிதம் போச்சு. மூன்று தரம் அவர் கதவுவரை போய்த் திரும்பினாள். நான்காம் தரம் உள்ளே போனாள்.

"சேர், சீனிய ரெண்டு தரம் போட்டுட்டன்."

"நாக்கில வச்சுப் பாக்கேல்லையே?"

"நோன்பு, சேர்."

வரதராசா கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். "வேரை மூண்டு தரம் கழுவும். இலை மெல்லப் பழகட்டும், மூண்டு கிழமைக்குக் கூடாரத்தை ஒருத்தரும் திறக்கக் கூடாது. பூட்டிப்போட்டுத் திறப்பை நீரே வச்சிரும்."

பாவி மனுஷன், அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எங்கே தேடுவது? திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொலித்தீனைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். திறக்கவில்லை. இருபத்தோராம் நாள் திறந்தபோது, முந்நூற்றுப் பன்னிரண்டு கன்றுகளில் புது இலை. மிச்சம் அழுகிக் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்த வியாழன் சீனி நிறுக்கும் மேசையில் கடிதம் இருந்தது, கையெழுத்தோடு. பக்கத்தில் கரண்டியும் கையுமாக வரதராசா. கூழில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இனித் திங்களும் வியாழனும் நான் வந்து பாக்கிறன். நீர் நோன்பைப் பிடியும்."