"வேண்டாம்" சொல்லும் ஓரெஸ்ட்

கனடாவின் வினிப்பெக்கில் மிருகக் கார்டுகளை மோதவிட்டு ஆடுகிறவர்கள் யாருக்கும் ஓரெஸ்ட் நட்யுக்கின் எதிரே உட்காரப் பிடிக்காது. மனிதர் தங்கமானவர். ஐம்பதைத் தாண்டியவர், நகரப் பேருந்து ஓட்டுகிறார். குளிரில் யாருடைய வண்டியாவது கிளம்ப மறுத்தால் கோட்டை மாட்டிக்கொண்டு முதலில் வெளியே போகிறவர் அவர்தான். அவருடைய சீட்டுக்கட்டுதான் சகிக்காது. எதிராளி ஆசை ஆசையாக ஒரு மிருகத்தை இறக்குவான். இவர் ஒரு தடைக் கார்டைப் போட்டு, "வேண்டாம்" என்பார். அடுத்ததை இறக்குவான். "அதுவும் வேண்டாம்." கை காலியாகி எதிராளி விழிக்கும்போது, இவர் சாவகாசமாகத் தன் ஒரே மிருகத்தை இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயிரை எடுப்பார்.

"உன்கூட ஆடுறதுக்குப் பல் டாக்டர்கிட்டப் போயிடலாம்யா" என்பான் கார்டுக் கடையில் ஒருவன்.

"அவராவது ஊசி போட்டுட்டுப் புடுங்குவாரு" என்பான் இன்னொருவன்.

ஓரெஸ்ட் சிரித்துக்கொள்வார். அவருடைய வித்தை தடுப்பதில் இல்லை, தடுக்காமல் இருப்பதில் இருக்கிறது. கடிக்க வருவதையெல்லாம் கடிக்க விட்டு, கொல்ல வருவதற்காகக் கடைசித் தடையைக் கையில் வைத்திருப்பார். பனிச்சாலையில் பேருந்து ஓட்டுகிறவர் சும்மா சும்மா பிரேக்கை மிதிப்பாரா?

இவ்வளவு வித்தை இருந்தும் தேசியப் போட்டிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு படி முன்னால் வழுக்கிவிடும். இந்தப் பிப்ரவரியில் அவர் கிளம்பும்போது மனைவி லெஸ்யா வாசலில் நின்று சொன்னாள்: "கொஞ்சத்துல போச்சுன்னு மட்டும் வந்து சொல்லாத. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே தோத்த மாதிரி இருக்கு."

ஐஸ் ஹாக்கி மைதானத்தை ஒட்டிய சமூகக் கூடத்தில் ஆட்டம். மாலையில் கடைசிச் சுற்று வந்தது. எதிரே ரோவெனா மக்சினோ, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண். புயல்வேகக் கட்டு அவளுடையது. ஜெயிப்பவர் டொரொன்டோவில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகலாம். சமனானால் இருவருக்கும் இல்லை.

"ஓரெஸ்ட் அண்ணே, பல் டாக்டர் ஆட்டம் வேணாம். சீக்கிரம் முடிச்சிடுங்க" என்றாள் ரோவெனா. அவர்கள் வீட்டு வழக்கத்தில் வயதில் மூத்தவர் எல்லோரும் அண்ணன்தான்.

மூன்று ஆட்டங்களில் முதலாவதை ஓரெஸ்ட் அரைத்து அரைத்து ஜெயித்தார். ஆனால் சுற்றுக்கு உரிய நேரத்தில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துபோனது. இரண்டாவதில் அவர் மூச்சு விடுவதற்குள் ரோவெனா அவரை முடித்துவிட்டாள். மூன்றாவது தொடங்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் கொஞ்சம்தான் இருந்தது.

ரோவெனா ஒரு ஓநாயை இறக்கினாள். ஓரெஸ்டின் கையில் ஒரே ஒரு தடை. விரல் அதன்மேல் போனது, நின்றது. "வரட்டும்" என்றார். ஓநாய் கடித்தது. மறுபடி கடித்தது. அவருடைய உயிர்ப் புள்ளி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது; பூஜ்யமானால் ஆட்டம் போச்சு. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ரோவெனா மூச்சை இழுத்துக்கொண்டு பறக்கும் நாகத்தை இறக்கினாள்.

"வேண்டாம்."

அவள் முகம் வெளுத்தது. அதுதான் அவளுடைய கடைசிக் கார்டு. அடுத்த முறை ஓரெஸ்ட் மேசையிலிருந்த ஓநாயையும் வேறொரு கார்டால் அகற்றினார். பிறகு தன் மிருகத்தை இறக்கி அடிக்கத் தொடங்கினார். பதறாத காரியம் சிதறாது என்பது சரிதான், ஆனால் கடிகாரத்துக்கு அது தெரியாதே. நடுவர் டுவைன் நேரம் முடிந்ததென்று கத்தினார். விதிப்படி இன்னும் ஐந்து முறை மட்டும் ஆடலாம். அவையும் தீர்ந்தபோது ரோவெனாவின் உயிர் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சமன். இருவரும் வெளியே.

டுவைன் முடிவுச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு மரபு உண்டு. இன்னும் ஆடினால் யார் தோற்பார் என்பது தெளிவாகத் தெரிந்தால், அவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடு என்று வாய்விட்டுக் கேட்கவும் செய்யலாம். ஆனால் பதிலுக்கு இதைத் தருகிறேன் என்று மட்டும் மூச்சு விடக் கூடாது. விட்டால், சொன்னவர் அந்த நிமிஷமே போட்டியிலிருந்து வெளியே. ஓரெஸ்டுக்கு இது அத்துப்படி. எத்தனையோ புதியவர்களுக்கு அவரே எச்சரித்திருக்கிறார்.

அவர் கேட்கவில்லை. கேட்க நா எழவில்லை. ரோவெனா காலியான தன் கையைப் பார்த்தாள், அவருடைய மிருகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு தடவை சுத்தியிருந்தா நான் செத்திருப்பேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறதுல என்ன இருக்கு? நீங்க போயிட்டு வாங்கண்ணே."

பேனாவை எடுத்து அவர் பெயருக்கு நேராக வெற்றி என்று எழுதினாள். கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

இத்தனை வருஷத்தில் ஓரெஸ்டுக்கு யாரும் எதையும் இப்படி நீட்டியதில்லை. குனிந்த அந்தத் தலையைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை.

"ரோவெனா, அங்க எனக்கு என்ன பரிசு வந்தாலும் அதுல பாதி உனக்கும்மா."

பேனா நின்றது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தான் சொன்னது என்னவென்று ஓரெஸ்டுக்கு உறைத்ததே டுவைனின் முகத்தைப் பார்த்த பிறகுதான். பின்னால் நின்ற ஒருவன், "ஐயோ, ஓரெஸ்ட்" என்றான்.

"இப்ப என்ன சொன்ன?" டுவைனின் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. "ஓரெஸ்ட், நான் கேட்கலைன்னு சொல்ல முடியாது. இத்தனை பேரு நிக்கிறாங்க."

"சொன்னேன்" என்றார் ஓரெஸ்ட். "பாதி தர்றேன்னு சொன்னேன்."

டுவைன் சீட்டை இழுத்து அவர் பெயரை அடித்தார். அவர் வெளியேறியதால் வெற்றியும் டொரொன்டோவும் ரோவெனாவுக்குப் போயின. அவள் சந்தோஷப்படவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஏன் அண்ணே பேசுனீங்க? நான்தான் எழுதிட்டேன்ல! சும்மா இருந்திருந்தா போதுமே!"

ஓரெஸ்ட் தன் கார்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். இரண்டு நழுவிக் கீழே விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"சும்மா குடுத்தா எப்படி வாங்கிக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார்.